ஈரலப் பாக்கிற டொக்டர்மாரே, கழுத்தையும் ஒருக்காப் பாருங்க

மட்டக்களப்பு மாவட்டத்தில கிளினிக் பாக்கிற டொக்டர்மாருக்கும், யாருக்கு என்ன டெஸ்ட் எண்டு முடிவெடுக்கிற பெரியாக்களுக்கும்,

வணக்கம். நான் ஆரையம்பதி. டொக்டருமில்ல நேர்ஸுமில்ல, அம்மாவ மூண்டு வருசமா கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வாற மகள்.

அம்மாட ஸ்கேன்ல ஃபெட்டி லிவர் (ஈரல்ல கொழுப்பு) கிரேட் 2 எண்டு வந்தது. சோத்தக் குறைங்க, நடங்க எண்டாங்க. நடந்தா. ராச்சோறு விட்டு ரொட்டித்துண்டோட படுத்தா, ஆனா நிறை குறையிறத்துக்குப் பதிலா கூடிச்சு. ஒரு கிளினிக்ல "வீட்ட களவாச் சாப்பிடுறீங்களாம்மா" எண்டு கேட்டாங்க, பகிடிக்குத்தான் கேட்டிருப்பாங்க, ஆனா அண்டைக்கு பஸ்ஸில வரக்குள்ள அம்மா ஒரு கதையும் கதைக்கல்ல.

கச்சான் காத்து அனலா அடிக்கிற ஆடி மாசம், நாங்க ஃபேனுக்குக் கீழ வேர்த்து வழியிறம், அம்மா போர்வையக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருக்கா. முடி கொட்டுது, மலச்சிக்கல், குரல் வேற கட்டிப்போச்சு, எல்லாத்தையும் வயசு எண்டு விட்டுட்டம் (எங்கட பிழையும்தான்). கொலஸ்ட்ரோல் குளிசை போட்டும் கொலஸ்ட்ரோல் இறங்கல்ல. மறுகா லாப்ல வேலை செய்ற மச்சாள் சொல்லித்தான் காசு குடுத்து டீஎஸ்எச் பாத்தம், கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பி எப்பிடி வேலை செய்யுதெண்டு பாக்கிற ரத்த டெஸ்ட். 18. வழமையா 4, 4.5க்குள்ள நிக்கவேணும், இப்பிடிக் கூடினா தைரொயிட் ஹோர்மோன் காணாது எண்டு அர்த்தம்.

உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனாலும் சொல்றன். தைரொயிட் ஹோர்மோன்தான் ஈரலுக்கு கொழுப்ப எரி எண்டு சொல்றது, ரத்தத்தில ஓடுற கெட்ட கொலஸ்ட்ரோல ஈரல் இழுத்தெடுக்கிறதும் அதாலதான். அது குறைஞ்சா அடுப்பு மங்கின மாதிரி, விறகு மட்டும் அடுக்கடுக்காச் சேருது. 2024 மார்ச்சில அமெரிக்காவில கொழுப்பால ஈரல் தழும்பாகிப்போன ஆக்களுக்கெண்டு ரெஸ்மெடிரம் எண்டு ஒரு குளிசைக்கு அனுமதி குடுத்தாங்க, அது வேலை செய்றதே ஈரல்ல இருக்கிற தைரொயிட் பீட்டா ரிசெப்டர்லதான், அதாவது தைரொயிட் ஹோர்மோன் வந்து ஒட்டுற இடத்திலதான். மருந்துக் கம்பனிக்காரனே அந்த வழியாலதான் ஈரலுக்குள்ள போறான், நம்மட கிளினிக்ல ஈரலுக்கு ஒரு கொப்பி, தைரொயிட்டுக்கு வேற கொப்பி, ரெண்டையும் ஒரே மேசையில வச்சுப் பாக்க ஆளில்ல.

ஃபெட்டி லிவர் எல்லாம் தைரொயிட்டால எண்டு நான் சொல்லல்ல. கனபேருக்கு அது சீனி, வயிறு, சோறு, சாராயம்தான். டீஎஸ்எச் கொஞ்சமாக் கூடின ஆக்கள்ல ஈரலுக்கும் அதுக்கும் எவ்வளவு தொடர்பெண்டு ஆய்வுகளே ஒத்துப்போகல்ல. இத வாசிச்சுட்டு பக்கத்து வீட்டு அக்காட தைரொக்சின் குளிசைய (தைரொயிட் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிறது) வாங்கிப் போட்டு மெலியப் பாக்கிற ஆக்களுக்கும் சொல்றன், தைரொயிட் சரியா இருக்கிற ஆள் அதப் போட்டா நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும், சும்மா விளையாடாதீங்க.

நான் கேக்கிறது சின்ன விசயம். ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு, கூடவே களைப்பு, குளிர், இறங்காத கொலஸ்ட்ரோல் எண்டு வாற ஆளுக்கு, அதுவும் பொம்புளையெண்டா, ஒருக்கா டீஎஸ்எச் எழுதுங்க. தைரொயிட் குறைஞ்ச உடம்பில கொலஸ்ட்ரோல் குளிசை தசைநோவக் கூட்டும் எண்டதால அந்தக் குளிசைய ஏத்திக்கொண்டு போக முதலும் பாருங்க. வாவிக்கு இங்கால கடல் பக்கம், எழுவான்கரையில இருக்கிற எங்களுக்கு வெளி லாப்புக்கு ஓட்டோ பிடிச்சாப் போதும், வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து வயல் வேலைய விட்டுட்டு வாற சனத்துக்கு அது ரெண்டு நாள் கூலி, அதால ரத்தம் எடுக்கிறத கிளினிக் நாளிலயே எடுத்தா நல்லம்.

இன்னொண்டு. தைரொக்சின் எழுதிக் குடுக்கக்குள்ள எப்பிடிப் போடுறதெண்டும் சொல்லுங்க. அம்மா முதல் ரெண்டு மாசமும் பால் டீயோடதான் போட்டா, கல்சியம் குளிசையும் அதோட சேத்து, டீஎஸ்எச் அசையவேயில்ல. விடிய வெறும் வயித்தில தண்ணியோட போடவேணும், அரை மணித்தியாலமாவது ஒண்டும் சாப்பிடப்படாது, கல்சியத்துக்கு நாலு மணித்தியால இடைவெளி வேணும் எண்டு மச்சாள்தான் சொன்னா. இப்ப டீஎஸ்எச் 5க்கு வந்திருக்கு, கொலஸ்ட்ரோலும் இறங்குது, போர்வை மடிச்சு அலுமாரிக்குள்ள. ஈரல் என்ன மாதிரி எண்டு இன்னும் தெரியாது, அடுத்த மாசம்தான் ஸ்கேன். ரெண்டு கொப்பியையும் றப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சிருக்கிறன், அவிழ்க்காம அப்பிடியே உங்கட மேசையில வைப்பன்.

இப்படிக்கு,
ஒரு மகள், ஆரையம்பதி