செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது ஒளிப்படச் சங்கம் இவ்வாண்டு முழுவதும் தொடர்படப் பயிற்சியில், அதாவது ஒரே அசைவின் பல கட்டங்களை அடுத்தடுத்து எடுத்து ஒரே படமாக இணைத்துக் காட்டும் பயிற்சியில், ஈடுபட்டது. ஓட்டம், மிதிப்பு, பறப்பு, மணலில் இறங்குதல் என அசைவு முழுவதும் ஒரே கோட்டில் பக்கவாட்டாக விரிவதால், நீளம் தாண்டுதலை முதலில் எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் எடுத்தவை எதற்கும் உதவவில்லை. ஒளியளவையும், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் கேமராவின் தானியங்கித் தீர்மானத்துக்கே விட்டிருந்ததால், படத்துக்குப் படம் வானத்தின் நிறம் மாறி, இணைத்தபோது ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் ஒட்டுத்துணி போல விளிம்பு தெரிந்தது. முன்கூட்டியே எச்சரிக்காதது என் தவறு. அதன்பின் முக்காலியை அசைக்காமல், இவ்விரண்டையும் ஃபோகஸையும் கையால் நிலைப்படுத்தி, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி அல்லது அதைவிட விரைவாக வைத்தே எடுத்தோம்.

உருவங்களுக்கிடையே விடும் இடைவெளியைப் பற்றியே உறுப்பினர்கள் அதிகம் விவாதித்தனர். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும் வீரர், நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் படத்துக்குப் படம் 80 செ.மீ. நகர்கிறார், 20 படம் எடுத்தால் 40 செ.மீ. மட்டுமே என்பதால் கைகால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே வேகமான கேமரா வைத்திருப்போரும் ஒன்றுவிட்டு ஒன்றாகவே படங்களைத் தேர்ந்தனர். 1880களில் ஒரே ஒளிப்படத் தகட்டில் அசைவுகளைப் பதிவுசெய்த பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ழூல் மரே இதே சிக்கலைச் சந்தித்து, நடப்பவருக்குக் கறுப்பு உடை அணிவித்து, கைகால்களின் நெடுக வெண்கோடுகள் இட்டு, அக்கோடுகள் மட்டும் பதியச் செய்தார் என்பதை நம் கூட்டத்தில் விளக்கியபோது இளைய உறுப்பினர்கள் காட்டிய ஆர்வம் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

கணினியில் படங்களை அடுக்குகளாக வைத்து மாஸ்க் இட்டு, அதாவது வேண்டாத பகுதிகளை மறைத்து, இணைக்கும்போது, வீரரோடு அவர் நிழலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நிழலின்றிப் பறப்பவர் தரையோடு உறவற்றவராகத் தெரிகிறார்.

கோவளத்தில் அலைச்சறுக்கையும் முயன்றோம். அங்கே பின்னணியாகிய கடலே ஓயாது மாறுவதால் ஒரே சட்டகத்தில் இணைப்பது பொருந்தவில்லை. தனித்தனிப் படங்களை வரிசையாக அடுக்கியதே சிறப்பாக அமைந்தது. அம்முயற்சியை வரும் ஆண்டிலும் தொடரப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்