இராசவள்ளிக்குக் கொஞ்சம் பொறு

இணுவில்,
மார்கழி 3

அன்பின் மச்சான்,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அறிந்ததில் பெரிய சந்தோசம். இங்கும் அப்படியே. இரண்டு நாளாக மழை ஓய்ந்திருக்கிறது. மீசாலை வளவில் கத்தரி, வெண்டி, பயிற்றை எல்லாம் காய்க்கத் தொடங்கிவிட்டது, மரவள்ளியையும் கொடிக்கிழங்கான இராசவள்ளியையும் இப்போதே கிண்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இராசவள்ளியை மட்டும் தொடாதே. காய்களைப் பறிக்கப் பிந்தாதே, மரவள்ளியைத் தேவைக்கு மட்டும் கிண்டு.

வெண்டியை ஒன்றைவிட்டொரு நாள் பறிக்க வேண்டும். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பதத்துக்கு வந்துவிடும். நுனியைப் பெருவிரலால் மடக்கிப் பார். டக்கென்று முறிந்தால் கறிக்கு ஆகும். முறியாமல் வளைந்து நார் இழுத்தால் அது முற்றல். எவ்வளவு வடிவாகப் பார்த்தாலும் இலைக்குப் பின்னால் ஒன்றிரண்டு ஒளிந்திருந்து முற்றிவிடும். கறிக்கு ஆகாதுதானே என்று அதைக் கன்றிலேயே விட்டுவிடாதே. காயில் விதை முற்ற முற்றக் கன்று புதுப்பூவைக் குறைத்துக்கொள்ளும். முற்றலையும் வெட்டி எடு. விதைக்கு வேண்டுமென்றால் நல்ல கன்று ஒன்றைத் தெரிந்து, துணித்துண்டு கட்டி, அதைத் தனியாக விடு.

பயிற்றை பென்சில் தடிப்பில், உள்ளே விதை புடைக்க முன்னம் பறி. இங்கே பலர் விடுகிற பிழை, காம்போடு சேர்த்து இழுத்துப் பிடுங்குவது. அந்த ஒரே காம்பின் நுனியில்தான் அடுத்த பூமொட்டும் இருக்கும். ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காயை மட்டும் திருகி எடு. இலையில் ஈரம் காய்ந்த பிறகே பயிற்றைக்குள் இறங்கு. நனைந்த இலையில் கை பட்டால் ஒரு கொடியின் நோயை நாமே மற்றக் கொடிக்குக் கொண்டுபோகிறோம்.

கத்தரிக்குக் கணக்கு அதன் மினுக்கம்தான். நீ வைத்திருப்பது திருநெல்வேலி ஊதா என்றபடியால் மினுக்கம் நன்றாகத் தெரியும். பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார். பள்ளம் விழுந்து, விரலை எடுத்ததும் திரும்பி எழும்பினால் சரியான பதம். அழுத்தவே இடம் தராவிட்டால் இன்னும் பிஞ்சு. விழுந்த பள்ளம் அப்படியே நின்று, தோலும் மங்கியிருந்தால் உள்ளே விதை பழுப்பாகி இருக்கும், கறி கசக்கும். கையால் முறிக்க வேண்டாம், கிளை கிழிந்து மழைக்குள் அந்தக் காயத்தால் அழுகல் இறங்கும். ஒரு அங்குலக் காம்போடு கத்தியால் வெட்டு.

குருத்து வாடித் தொங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அது தண்ணீர்க் குறைவு இல்லை. இந்த மழைக்குள் தண்ணீர் எப்படிக் குறையும்? துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, தண்டைப் பிளந்து பார், வெளிறிய இளஞ்சிவப்பில் புழு கிடக்கும். காயில் நீ காணும் பெரிய ஓட்டை பெரும்பாலும் புழு வெளியே போன வழி. உள்ளே போன ஓட்டை கண்ணுக்குப் பிடிபடாத அளவு சிறிது. இப்படிப்பட்ட குருத்தையும் காயையும் எருக்கும்பிக்குள் எறியாதே. அங்கே சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பவும் கத்தரிக்கே வரும். உரப்பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெயிலில் வை, இல்லாவிட்டால் எரித்துவிடு.

மரவள்ளிக்கு நிலம்தான் களஞ்சியம். கிண்டி எடுத்தால் இரண்டு மூன்று நாளில் கிழங்குக்குள் நீலக்கறுப்புக் கோடு ஓடும், அதுவும் காயம் பட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். ஆகவே அன்றைய சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் கிண்டு. கூடக் கிண்ட வேண்டியிருந்தால், இரண்டு கிழமைக்கு முன்னமே தண்டை நிலத்திலிருந்து ஒரு அடி விட்டு வெட்டிவிடு, கோடு ஓடுவது குறையும். மிஞ்சி நிற்கும் அந்த அடித்தண்டைப் பிடித்து அசைத்துத்தான் கிழங்கை எழுப்பவும் வேண்டும். கிழங்கைப் பிரிக்கும்போது கழுத்தில் கொஞ்சம் விட்டு வெட்டு, சதை வெளியே தெரியக் கூடாது. வெட்டிய தண்டை நடுகைக்கு நிழலில் நிமிர்த்தி வை. ஆனால் பள்ளப் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அங்குள்ளதை முதலே கிண்டு, இல்லாவிட்டால் நிலத்துக்குள்ளேயே அழுகும். அவிக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிடு.

இனி இராசவள்ளி. சித்திரை வைகாசியில் நட்டது, எட்டு ஒன்பது மாதம் வேண்டும். இப்போது இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். அதைப் பார்த்து அவசரப்படாதே. மஞ்சளாகும் நாட்களில்தான் கொடியில் இருக்கும் சத்து கிழங்குக்கு இறங்குகிறது. இப்போது எடுத்தால் கிழங்கு நீர்த்தன்மையாய் இருக்கும், மாப்பிடிப்புக் குறையும், தோலும் உரிந்து வரும், வைத்தாலும் நிற்காது. தேங்காய்ப் பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி காய்ச்சும்போது அந்தத் தடிப்பே வராது. கொடி அடிவரை காய்ந்து பழுப்பாகட்டும். தை நடுவில் சரியாக வரும். காய்ந்த கொடி காற்றுக்கு அறுந்து போனால் கிழங்கு எங்கே என்று தெரியாமல் போகும், அதனால் ஒவ்வொரு கொடியின் அடியிலும் இன்றைக்கே ஒரு தடி குத்தி வை.

கிண்டும்போது அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, கொடியின் அடியில் நேரே இறக்காதே. ஒன்றரை அடி தள்ளி, சுற்றிவரப் பள்ளம் எடு. கிழங்கு விரல் விட்டு எந்தப் பக்கமும் போயிருக்கும், முறிவதும் சுலபம். கடைசி நாலு அங்குலத்தை கையாலேயே தோண்டு. உன் பக்கம் மணல் என்றபடியால் இது இலேசு. எங்கள் செம்மண் காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும், மழை விட்டு மூன்று நாலு நாளில் ஈரப்பதத்தோடு கிண்டினால்தான் கிழங்கு முழுசாக வரும். கழுவாதே. மண்ணைக் கையால் தட்டி விட்டு, வெட்டுப் பட்ட இடத்துக்கு அடுப்புச் சாம்பலை அப்பு. நிழலில் ஓலைப்பாயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரு கிழமை பரப்பு. காயம் காய்ந்து தோல் கட்டிய பிறகு, காற்றோட்டமான இருட்டில் பரணில் வை. காயம் பட்டதை முதலில் சமை. தோல் சீவும்போது கையில் கடி எடுக்கும், எண்ணெய் பூசிக்கொள்.

பூசணிக்கு நகத்தால் குத்திப் பார். தோல் விடாவிட்டால், காம்பும் காய்ந்திருந்தால், இரண்டு அங்குலக் காம்போடு வெட்டு. காம்பில் பிடித்துத் தூக்காதே. நீற்றுப்பூசணியின் வெள்ளை மாவைத் துடைக்காதே, அது இருக்கும்வரை கன நாள் நிற்கும்.

இராசவள்ளி கிண்டி முடிந்ததும் கிழங்கின் தலைப்பக்கத்தை விதைக்கு எடுத்து வை, அதுதான் முந்தி முளைக்கும். நடும்போது 200 கிராம் அளவில் தோலோடு துண்டு போட்டால் போதும். தை கடைசியில் நீ இந்தப் பக்கம் வரும்போது நாலு தலைத்துண்டு உமல் பையில் போட்டுக் கொண்டு வா. பூவரசடியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்
உன் பழைய நண்பன்