கோடியக்கரைக்குப் புறப்படும் முன்

கோத்தகிரி,
டிசம்பர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கொடைக்கானலில் பனி இறங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே மழை இன்னும் விடவில்லை. சோலை ஓரத்துச் சதுப்பில் பொழுது சாயும் நேரம் வுட்காக் பறவை இறங்குகிறது. பேரிஜம் ஏரிப் பக்கம் உன் கண்ணில் பட்டதா?

ஜனவரியில் கோடியக்கரை போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. "கரைப்பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எப்படிப் பிரிப்பது" என்று கேட்டிருக்கிறாய். மலையில் நாம் காதால் தேடிப் பிடித்து, நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகியவர்கள். கரையில் அந்தப் பழக்கம் கைகொடுக்காது. ஜனவரியில் அந்தப் பறவைகள் இனப்பெருக்கக் காலத்து நிறத்தை உதிர்த்துவிட்டுத்தான் நம் கடற்கரையில் இருக்கும். அதனால் முதலில் இரை தேடும் விதத்தைப் பார். நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரே கொத்தாகக் கொத்தினால் அது உப்புக்கொத்தி. பெரிய கண், குட்டை அலகு, பார்த்துப் பிடிக்கிற பறவை. தலையைத் தூக்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் உள்ளான். அதன் அலகு நுனியில் தொடுவுணர்வு அதிகம். நம் வுட்காக் ஈர மண்ணில் அலகை நுழைத்துப் புழுவைத் துழாவுவதும் இதே வித்தைதான், குடும்பமும் ஒன்று.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெம்மிங் உள்ளானுக்குப் பச்சை கலந்த மஞ்சள். புத்தகத்தில் படிக்க எளிது. களத்தில் சேறு அப்பிய மஞ்சள் காலும் கறுப்பாகத்தான் தெரியும். அது தண்ணீரில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டு வரும்வரை காத்திரு. நீண்ட அலகுள்ள மூக்கன்களை நிற்கும்போது பார்த்துக் குழம்பாதே. பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டையும் வால் நுனியில் கறுப்பும் தெரிந்தால் கருவால் மூக்கன்; இறக்கையில் பட்டை இல்லாவிட்டால் பட்டைவால் மூக்கன். மணல் உப்புக்கொத்திகளில் பெரியது, சிறியது என்று இரண்டு இனம் உண்டு; எது எது என்று தனியாக நிற்கும் ஒரு பறவையை வைத்து முடிவு செய்யாதே. இரண்டும் அருகருகே நின்றால் மட்டும் எழுது.

வெளிச்சம்தான் பெரிய சங்கதி. ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தென்பக்கமாகவே சாய்ந்து போகும். கோடியக்கரையில் பாக் நீரிணை இருப்பதும் தெற்கே. அந்தப் பக்கம் பார்த்தால் பறவையெல்லாம் நிழலுருவம்தான். காலையில் கிழக்கை முதுகுக்குக் கொடுத்து, மேற்கே விரியும் சதுப்பைப் பார். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பும். அப்போது ஸ்கோப் தொலைநோக்கியில் முப்பது மடங்கைத் தாண்டினால் பிம்பம் நெளியும். இருபதிலேயே வைத்துக்கொள்.

அங்கே கடல் நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் குறைவு, ஒரு மீட்டர்கூட வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் கூடும். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்தின் உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடு. சேறு மூழ்க மூழ்கப் பறவைகள் தாமாகவே உன் பக்கம் ஒதுங்கும். நேராக அவற்றை நோக்கி நடக்காதே. இரை தேடுவதை விட்டுத் தலை தூக்கினால் அங்கேயே நில். சைபீரியத் தூந்திரத்திலிருந்து வந்த கொசு உள்ளானின் எடை முப்பது கிராம்கூட இருக்காது. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய உடம்பு அது. நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதற்கு நஷ்டம். நீ அசையாமல் இருக்கும்போதே கூட்டம் மொத்தமாக எழும்பினால் மேலே பார், பைரி என்ற வேட்டைப்பறவை இருக்கும்.

ஆலாக்களும் கடற்காகங்களும் மணல்திட்டில் காற்றுக்கு முகம் கொடுத்து வரிசையாக உட்காரும். அப்போதே எண்ணிவிடு. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவை கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போ. கனத்த சிவப்பு அலகு காஸ்பியன் ஆலா. மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா.

சேறு மேலே காய்ந்து தெரியும், உள்ளே முழங்கால் வரை இழுக்கும். பாதையை விட்டு இறங்காதே. வனத்துறை அனுமதியை முதல் நாளே வாங்கிவிடு. பைனாகுலர் லென்சை எடுத்தவுடன் துடைக்காதே. மணலை முதலில் ஊதித் தள்ளு, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பை ஒற்றி எடு, கடைசியாகத்தான் உலர்ந்த துணி. மலைக்குத் திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை, இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

எண்ணிக்கையை அன்றன்றே எழுதி அனுப்பு. பேரிஜம் வுட்காக்கையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
பாலு