தோழியின் தோழன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சுக் கலைப்படங்களில் இளம்பருவ நட்பும் காதலும் சித்திரிக்கப்படும் விதம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், இயக்குநர் த்ரூஃபோவின் 'ஜூல்ஸும் ஜிம்மும்' (1962) படம் பற்றிய பகுதியை விரும்பிப் படித்தேன். ஜிம்மை அருகில் அமர்த்திக்கொண்டு, ஜூல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நண்பர்கள் இருவரும் காதலித்த காத்ரின் உடைந்த பாலத்திலிருந்து காரை ஆற்றுக்குள் செலுத்தும் காட்சி மறக்கக்கூடியதன்று. ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்து, நட்புக்குள் காதல் புகுந்தால் அழிவுதான் என்பதே பிரெஞ்சு சினிமாவின் பார்வை என்று கட்டுரையாளர் முடிவுகட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

இயக்குநர் எரிக் ரோமர் தம் 67ஆம் வயதில் வெளியிட்ட 'என் தோழியின் தோழன்' (1987) படத்தையே எடுத்துக்கொள்வோம். பாரிஸுக்கு வடமேற்கே புதிதாக எழுப்பப்பட்ட செர்ஜி-பொந்துவாஸ் நகரில், நகராட்சி அலுவலகத்தில் பணிபுரியும் பிளான்ஷுக்கு மதிய உணவு வேளையில் லேயாவின் பழக்கம் ஏற்படுகிறது. பிளான்ஷின் மனம் நாடுவது அலெக்சாந்தரை. அவன் எதிரில் வந்தாலோ அவளுக்கு நாக்கு எழாது. லேயா தன் காதலன் ஃபபியேனை விட்டுவிட்டு விடுமுறைக்குப் போயிருக்கும் நாள்களில் பிளான்ஷும் அவனும் நெருங்கிவிடுகிறார்கள். காதல் கைகூடிய மகிழ்ச்சியைக்கூட அனுபவிக்க விடாமல், தோழிக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்ற கலக்கம் அவளை வாட்டுகிறது. அவளுக்குப் பெரிதாகப் படுவது ஆண் அல்லன், தோழிதான் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால் தம் முடிவை மாற்றிக்கொண்டிருப்பார்.

இறுதியில் லேயா பெயர் சொல்லாமல் 'அவன்' என்றே பேசிக்கொண்டு போக, அது ஃபபியேன்தான் என்று எண்ணி பிளான்ஷ் உடைந்துபோகிறாள். லேயா சொன்னதோ, இப்போது தன் காதலனாகிவிட்ட அலெக்சாந்தரை. ஒரு சுட்டுப்பெயரை வைத்தே உச்சக்காட்சியைக் கட்டியெழுப்பிய துணிச்சலை என்னென்பது! தலைப்பிலும் இதே விளையாட்டு உண்டு. பிரெஞ்சில் 'அமி' என்ற ஒலி தோழனையும் தோழியையும் குறிக்கும், சமயத்தில் காதலனையும் குறிக்கும். தமிழில் பெயர்த்த கணமே அந்த மயக்கம் கலைந்துவிடுகிறது. மேலே நான் தந்திருக்கும் தலைப்பும் அந்தக் குற்றத்துக்கு விலக்கன்று.

ரோமரின் 'கோடைக் கதை'யிலும் (1996) சாவு இல்லை. தினார் கடற்கரையில் மூன்று பெண்களுக்கிடையே அல்லாடும் காஸ்பார், மலிவாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி கிடைக்கிறதென்று காரணம் சொல்லிப் படகேறிவிடுகிறான். வழியனுப்ப வந்து நிற்பவள் மார்கோ, அதுவரை தோழியாக மட்டுமே இருந்தவள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி