நொய்யல் கரைக்கு 64 யூனிட் ஜல்லி வேண்டும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கங்க.

ஆத்துப்பாலத்துக்குக் கீழே பூட்டிக் கிடக்கிறதே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், அதற்காகத்தான் எழுதுகிறோம். வெளியூரில் இருக்கிறவர்கள் அது இன்னும் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஓடவில்லை. கரண்ட் பில் கட்டுபடியாகாமல் காற்று ஊதும் மோட்டார்கள் முதலில் நின்றன, அப்புறம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கடைசியில் கேட்டுக்குப் பூட்டு.

அனுமதி வாங்கிக்கொண்டு போன வாரம் உள்ளே போனோம். மோட்டார் இருந்த இடத்தில் துருப்பிடித்த நாலு போல்ட், தொட்டியின் விரிசலில் ஆள் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. ஊர்ச் சாக்கடை தொட்டிப் பக்கமே போகாமல் பக்கத்து வாய்க்கால் வழியாக நேராக ஆற்றில் விழுகிறது. விழுகிற இடத்தில் கல்லைப் புரட்டினால் அடியெல்லாம் கறுப்பு, நூல் நூலாகச் சிவப்புப் புழு, அழுகின முட்டை வாடை. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் வருகிற வாடை அது. குளிக்கிற ஆறு என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது. அந்தக் கல் கிடக்கும் இடம் ஒரு காலத்தில் நாம் எல்லோரும் நீச்சல் பழகிய துறை என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வெள்ளியங்கிரியில் புறப்பட்டு, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலுக்கு நாம் செய்தது கொஞ்சமில்லை. பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அவர்கள் நடத்திய வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், நம் வீட்டுச் சாக்கடையைப் பற்றிப் பேசவே இல்லை.

சரி, என்ன செய்யப் போகிறோம்? மோட்டாரை மறுபடி ஓட்டுகிற யோசனை இல்லை, அந்தச் செலவுதான் முன்னமே அதை மூட வைத்தது. வண்டல் படியும் தொட்டி உறுதியாகவே இருக்கிறது, அதைத் தூர்வாரினால் போதும். அதற்குப் பக்கத்தில் சேறு காயவைத்த தளங்கள் நாலு, ஒவ்வொன்றும் 40 அடிக்கு 20 அடி. அவற்றில் ஷீட் விரித்து, 2 அடி உயரத்துக்கு ஜல்லி நிரப்பி, கல்வாழையும் நாணலும் சம்பும் நடப்போகிறோம். தொட்டியில் தெளிந்த தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து போகும், கல்லிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். வாட்டம் இருப்பதால் கரண்ட் வேண்டாம், தண்ணீர் மேலே தெரியாததால் கொசுவும் முட்டை வைக்காது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். இது சாயத்தண்ணீருக்கு வைத்தியம் இல்லை, தண்ணீரில் கரைந்த உப்பை நாணல் எடுக்காது. ஊர் முழுவதுக்கும் பற்றாது, முதலில் கீழவீதியில் சுமார் 40 வீட்டுத் தண்ணீர் மட்டும்தான். அது தெளிந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு அடுத்த வீதிக்கு வருவோம்.

நாலு தளத்துக்கும் சேர்த்து 6,400 கன அடி, அதாவது 64 யூனிட் ஜல்லி. ஒரு குடும்பம் ஒரு யூனிட்டை ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி. முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு யூனிட் கொடுங்கள், 200 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. டிப்பர், பொக்லைன் வைத்திருக்கும் மாமன் மச்சான்மார் பணத்துக்குப் பதில் ஒரு நாள் வண்டி கொடுத்தால் இன்னும் நல்லது, தூர்வாருவதற்குத்தான் இப்போது திண்டாடுகிறோம். நாற்று வாங்க வேண்டாம், வாய்க்கால் ஓரத்தில் கல்வாழை நிறையவே கிடக்கிறது.

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வரட்டும், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். வரவு செலவை மாதாமாதம் கோயில் மதிலில் ஒட்டுவோம்.

நேரில் பார்த்துவிட்டுக் கொடுக்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு வாருங்கள், கேட் திறந்திருக்கும். உள்ளே கண்ணாடித் துண்டு கிடக்கிறது, செருப்பில்லாமல் குழந்தைகளைக் கூட்டி வராதீர்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைக் குழு