அடுத்த மின்பேருந்துக் கொள்முதலுக்கு முன்: போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் கொள்முதல் பிரிவினருக்கும்,

வணக்கம். மின்பேருந்துகள் அனைத்தும் காலையில் 100 சதவீத சார்ஜுடன்தான் பணிமனையை விட்டுக் கிளம்ப வேண்டும், குறைந்தால் அன்றைய இரவுப் பணியில் இருந்தவர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் பிரேக்கர் விழுந்து முதல் ட்ரிப்புகள் ரத்தானதைத் தொடர்ந்துதான் அது வந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு விளக்கம் எழுதுவதைவிட, பராமரிப்பு, சார்ஜிங், ஷெட்யூல் பிரிவுகளில் வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து இங்கேயே தந்துவிடுகிறோம்.

கூடவே ஒரு கோரிக்கை. அடுத்த தொகுதி வண்டிகளுக்கு ஆணை கொடுக்கும் முன், அவை வந்து நிற்கப்போகும் பணிமனையின் மின்கணக்கைப் போடுங்கள். அந்தக் கணக்கில் பணிமனையின் கையொப்பம் விழாமல் கொள்முதல் ஆணையில் கையெழுத்திடாதீர்கள்.

கணக்கு கடினமானது அல்ல. 50 பேருந்துகள், ஒவ்வொன்றிலும் 240 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). 12 மீட்டர் நீளப் பேருந்து ஏசியுடன், நெரிசலில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடினால் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் இழுக்கும். பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே விடாமல் திருப்பிக் கொண்டுவந்தால், இரவில் ஒரு வண்டிக்கு 192 யூனிட் ஏற்ற வேண்டும். 50 வண்டிக்கு 9,600. சார்ஜரிலும் கேபிளிலும் பேட்டரியிலும் எட்டு சதவீதம் போனாலும் மீட்டரில் ஏறுவது 10,400 யூனிட்டைத் தாண்டும். கடைசி வண்டி இரவு 11 மணிக்கு உள்ளே வருகிறது, முதல் வண்டி அதிகாலை 4.30-க்கு வெளியே போகிறது. கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். ஆக, இடைவிடாமல் ஏறத்தாழ 1,900 கிலோவாட் வேண்டும். இணைப்பு 1,500 கிலோவாட்டுக்குத்தான் என்றால் ஒரு நிமிடம்கூட வீணாகாமல் ஓட்டினாலும் 39 வண்டிகள்தான் நிறையும். மீதி 11 வண்டிகளை எந்த இரவுப் பணியாளராலும், எந்தச் சுற்றறிக்கையாலும் நிரப்ப முடியாது.

பிரேக்கர் விழுந்ததற்கும் இதே கணக்குதான் காரணம். 240 கிலோவாட் சார்ஜர்கள் 12 வாங்கினால், முழுத் திறனில் அவை இழுப்பது 2,880 கிலோவாட். இணைப்பு அதில் ஏறத்தாழ பாதி. மொத்தச் சுமையைப் பார்த்து ஒவ்வொரு சார்ஜருக்கும் எவ்வளவு என்று பங்கிட்டுத் தரும் மென்பொருள் இல்லாவிட்டால், வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து கன் (சார்ஜர் கேபிளின் முனை) மாட்டப்பட்டதும் பிரேக்கர் தன் வேலையைச் செய்யும். அது பழுது அல்ல, பாதுகாப்பு. அது விழாமல் போயிருந்தால் டிரான்ஸ்பார்மர் சூடேறியிருக்கும். டிரான்ஸ்பார்மர் போனால் மாற்று வந்து சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பங்கீட்டு மென்பொருள் டெண்டரில் 'விருப்பத் தேர்வு' என்று போடப்பட்டு, செலவைக் குறைக்க நீக்கப்பட்டது என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

இப்போது இரவுப் பணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 12 சார்ஜருக்கு 24 கன். 50 வண்டி. அதாவது வண்டிகளை இரண்டு சுற்றாக மாட்ட வேண்டும், அப்படியும் இரண்டு வண்டிகள் மிஞ்சும். முதல் சுற்று முடிவது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில். அந்த நேரத்தில் நிறைந்த வண்டியை வெளியே எடுத்து, காத்திருக்கும் வண்டியை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். டீசல் காலத்தில் போட்ட யார்டு இது. வண்டிகள் மூக்கும் வாலும் ஒட்டி வரிசையில் நிற்கும். நடுவில் இருப்பது நிறைந்துவிட்டது என்றால், அதை எடுக்க முன்னால் உள்ள இரண்டை நகர்த்தியாக வேண்டும். கனரக ஓட்டுநர் உரிமம் உள்ளவர் ஷிப்டுக்கு ஒருவர் அல்லது இருவர். கனும் கேபிளும் மழையில் தரையில் இழுபட்டு வரும்போது கை கடுக்கும் கனம். கன்னின் உலோகப் பின்களில் ஈரமோ மண்ணோ இருந்தால் சார்ஜர் 'இன்சுலேஷன் ஃபால்ட்' (மின்கசிவு எச்சரிக்கை) காட்டி நின்றுவிடும். துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி காத்திருக்க வேண்டும். கன் சரியாக உட்காராவிட்டால் முனை சூடாகும். உள்ளே இருக்கும் வெப்பச் சென்சார் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும், ஏறுவது பாதி வேகத்தில். இத்தனையையும் இரண்டு பேர் விடியும்வரை செய்துவிட்டு, காலையில் 86 சதவீதத்தில் கிளம்பிய வண்டிக்காக விளக்கக் கடிதம் எழுத உட்கார வேண்டும். இது நியாயமா என்று தங்களையே கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

100 சதவீதம் என்ற கட்டளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வண்டிகளில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இந்த வகையில் சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தாலும் கீழே இருந்தாலும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதனால் எவ்வளவு மீதம் என்பதைப் பேட்டரி மேலாண்மை அமைப்பு உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் மதிப்பிடுகிறது. சிறு பிழைகள் நாளுக்கு நாள் சேரும். வாரம் ஒருமுறையாவது முழுக்க ஏற்றி, கடைசிக் கட்டத்தில் செல்கள் சமமாகும்வரை கன்னைப் பிடுங்காமல் விட்டால்தான் அந்தப் பிழை நேராகும். அந்தக் கடைசி சில சதவீதம் மிக மெதுவாக ஏறும். அவசர மாற்றத்தில் தினமும் 95-இல் பிடுங்கப்படும் வண்டியில், டேஷ்போர்டு 22 காட்டிக்கொண்டிருந்து திடீரென ஒற்றை இலக்கத்துக்குச் சரியும். வண்டி நடுரோட்டில் வேகம் இழக்கும். பழி ஓட்டுநர் மீது விழும்.

மறுபக்கம், எல்லா வண்டியையும் தினமும் 100-க்கு ஏற்றி வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி சீக்கிரம் முதுமை அடையும். நிறைந்த நிலையும் சூடும் சேர்ந்தால்தான் அதற்கு மிகக் கெடுதல். செய்ய வேண்டியது இது: எந்த வண்டிக்கு எந்த ட்ரிப் என்பதை முந்தைய மாலையே முடிவு செய்து, அந்த ட்ரிப்புக்குத் தேவையானதையும் கூடுதலாகக் கொஞ்சத்தையும் மட்டும் ஏற்றி, கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன் முடியும்படி அமைப்பது, தினமும் ஆறில் ஒரு பங்கு வண்டிகளுக்கோ ஏழில் ஒரு பங்குக்கோ முறைவைத்து முழு சார்ஜும் சமப்படுத்தலும் தருவது. ஒரே எண்ணை எல்லா வண்டிக்கும் கட்டளையாகப் போட்டால் பேட்டரியும் கெடும், ஆளும் சோர்வார்.

விற்பனைத் தாளில் 250 கிலோமீட்டர் என்று இருந்தது, ஷெட்யூலில் 200 போட்டீர்கள். தாராளமாகத்தான் போட்டோம் என்று தோன்றியிருக்கும். விற்பனைத் தாளின் எண் அளந்த ஓட்டத்தில், பெரும்பாலும் ஏசியும் கூட்டமும் இல்லாமல் வந்தது. மேலே சொன்ன 192 யூனிட்டில், கிலோமீட்டருக்கு 1.2 வீதம், 160 கிலோமீட்டர்தான் ஓடும். கோடையில் நெரிசலோடு 1.5 ஆனால் 128. பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாகத் தேய்ந்த பிறகு, அதே கோடையில் 102. வண்டி தன் ஆயுளின் பின்பாதியில் இந்தக் கடைசி எண்ணை நோக்கித்தான் இறங்கும். ஆகவே ஷெட்யூலைப் புது வண்டிக்குப் போடக்கூடாது, தேய்ந்த பேட்டரிக்குப் போட வேண்டும். கொள்முதல் கூட்டத்தில் இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. அதனால்தான் மறுபடி கேட்கிறோம்: பணிமனையின் கையொப்பம் இல்லாமல் ஆணை வேண்டாம்.

இதற்கெல்லாம் கூடுதல் பணம்தான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். காலை நெரிசலுக்கும் மாலை நெரிசலுக்கும் இடையே, 11 மணியிலிருந்து 3 மணிவரை, ஒவ்வொரு வண்டிக்கும் சராசரியாக முக்கால் மணி நேரம் சார்ஜருக்கு ஒதுக்கினால், 120 கிலோவாட் கன்னில் 90 யூனிட் ஏறும். 50 வண்டிக்கும் சேர்த்து அந்த நான்கு மணி நேரத்தில் 1,250 கிலோவாட் போதும். இருக்கும் 1,500-க்குள் அடங்கிவிடும். இரவில் விடுபட்ட 11 வண்டிகளின் பங்கும், 200 கிலோமீட்டருக்குக் குறைகிற மிச்சமும் இதிலேயே தீரும். சூரிய மின்சாரம் மின்கட்டமைப்பில் அதிகமாக இருக்கும் நேரமும் அதுதான். ஒரு நிபந்தனை உண்டு. இதற்காக வண்டி காலியாகப் பத்து கிலோமீட்டர் பணிமனைக்கு வந்து திரும்பினால் 24 யூனிட் ரோட்டிலேயே போய்விடும். அதனால் இரண்டு மூன்று சார்ஜர்களையாவது ட்ரிப் முடியும் இடத்தில் நிறுவ வேண்டும். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் கொண்ட தன் முழுச் சேவையையும் மின்சாரத்துக்கு மாற்றியது. முடியாத காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

சிறு விஷயங்கள் பல உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறோம். காலையில் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நிற்கும் மின்பேருந்துகளில் பல, பெரிய பேட்டரியால் நிற்பதில்லை. 24 வோல்ட் துணை பேட்டரி இறங்கிப்போனதால் நிற்கின்றன. அது இல்லாமல் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் காண்டாக்டர் என்ற சுவிட்ச் மூடாது. அந்தச் சாதாரண பேட்டரி ஸ்டோரில் கையிருப்பு இருந்தாலே பாதி ரத்துகள் நிற்கும் என்பது எங்கள் கணிப்பு. இரண்டாவது, உயர் மின்னழுத்தப் பகுதியில் கை வைக்கிறவரின் ரப்பர் கையுறை. 1,000 வோல்ட் தரத்திலான அந்தக் கையுறையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்ட்டைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய உற்பத்தியாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட வேண்டும். சோதனைத் தேதி கடந்த கையுறையோடு ஒருவரை அங்கே அனுப்ப எங்களால் முடியாது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறோம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நம் ஆண்டறிக்கை, எத்தனை மின்வண்டிகள் வாங்கினோம் என்று எண்ணுகிறது. அவை எத்தனை கிலோமீட்டர் ஓடின என்று எண்ணுவதில்லை. ஒரு மின்பேருந்து சார்ஜ் இல்லாமல் நின்றால் அதன் 200 கிலோமீட்டரை ஒரு பழைய டீசல் வண்டிதான் ஓட்டுகிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. ஒரே நாளில் 134 கிலோ. அந்தப் பழைய டீசல் வண்டிகளின் நிலையோ இன்னும் மோசம். எப்படியும் விற்கப்போகிறோம் என்று அவற்றுக்குப் பராமரிப்புச் செலவு நிறுத்தப்பட்டிருக்கிறது. குறுகிய ட்ரிப்பிலும் ஐட்லிங்கிலும் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, யூரியாக் கரைசல் தெளிப்பானில் உப்பாகப் படிகிறது, ஓட்டுநர் எச்சரிக்கை விளக்கோடு ஓட்டுகிறார். கடைசி டீசல் வண்டி வெளியேறும் நாள்வரை அதன் புகையும் நம் கணக்கில்தான் சேரும்.

இதற்கிடையே ஹைட்ரஜன் பேருந்துக்கான முன்மொழிவு ஒன்று சுற்றில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். ஒரு பேருந்து 100 கிலோமீட்டருக்கு எட்டு கிலோ குடித்தால் 400 யூனிட். அதே தூரத்தை மின்பேருந்து 120-இல் ஓடும். மிக நீண்ட வழித்தடத்துக்கு அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. கையிலிருக்கும் 50 வண்டிகளுக்கே மின்சாரம் போதாத நேரத்தில் முதலில் பேச வேண்டியது அதுவா?

எங்களை இந்த மாற்றத்துக்கு எதிரானவர்கள் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். டீசல் புகையை நாள் முழுதும் சுவாசித்தவர்கள் பணிமனைக்காரர்கள். இந்த வண்டிகள் நன்றாக ஓட வேண்டும் என்று எங்களைவிட விரும்புகிறவர் யாரும் இருக்க முடியாது.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்வது: இரவுப் பணியாளர் விளக்கம் தர வேண்டும் என்ற வரியைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்குங்கள். நீக்கப்பட்ட சுமைப் பங்கீட்டு மென்பொருளை இப்போதாவது வாங்குங்கள். அடுத்த டெண்டரில் சார்ஜர்கள் ஓசிபிபி (சார்ஜரும் மேலாண்மை மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது மொழி) நெறிமுறையில் இயங்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். அப்போதுதான் வெவ்வேறு நிறுவனங்களின் சார்ஜர்களை ஒரே மென்பொருளில் ஆளலாம். செல் வாரியான மின்னழுத்தமும் வெப்பமும், பேட்டரியின் ஆரோக்கிய அளவும் பணிமனைக்கு நேரடியாகக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இப்போது அவை உற்பத்தியாளரின் சர்வரில் இருக்கின்றன, நாங்கள் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வழித்தடம் வாரியாக யூனிட் கணக்கு, இரவு பகல் சுமைக் கணக்கு, யார்டில் வண்டி நிற்கும் வரைபடம் ஆகிய மூன்றிலும் பணிமனையின் கையொப்பத்தை வாங்குங்கள்.

இந்த மூன்றையும் தயாரித்து வைத்திருக்கிறோம். அடுத்த கொள்முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எங்களில் ஒருவரை அழைக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பராமரிப்பு, சார்ஜிங், ஷெட்யூல் பிரிவுப் பணியாளர்கள்