சுத்தியல் தட்டியது கான்கிரீட்டையா, பூச்சையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் திருச்சி பதிப்பில் ஒரு பள்ளிக் கட்டட ஆய்வுச் செய்தி படத்தோடு வந்திருந்தது. "நவீன சுத்தியல் கருவி மூலம் கட்டடத்தின் உறுதி துல்லியமாகக் கண்டறியப்பட்டது" என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். படத்தில் ஓர் இளைஞர் ரீபவுண்ட் ஹேமரைத் தூணில் வைத்து அழுத்துகிறார். தூண் முழுக்க இளம்பச்சை பெயின்ட். பெயின்ட்டுக்கு அடியில் சிமென்ட் பூச்சு, அதற்கும் அடியில்தான் கான்கிரீட். சட்டைக்கு மேலே தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்த கதை. கீழே கருவிப் பெட்டி திறந்து கிடக்கிறது. பரப்பைத் தேய்ப்பதற்கென்று கருவியோடு கொடுக்கும் கல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அதில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் புகைப்படக்காரருக்கு நல்ல கேமரா, பாராட்டுகள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்தக் கருவிக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஓர் எடையும்தான். மோதிய எடை எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பார்த்துப் பரப்பின் கடினத்தைச் சொல்லும். பூச்சைக் கொத்தி எடுத்து, கல்லால் தேய்த்து, தூசி துடைத்து, காய்ந்த கான்கிரீட்டில் ஓர் இடத்தில் பல முறை அடித்து, ஒட்டாத எண்களைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் வலிமையைக் கூட்டியோ குறைத்தோ 25 சதவீதம் வரை தவறாகச் சொல்லலாம் என்று 1992-லேயே இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 13311 இரண்டாம் பகுதி எழுதி வைத்தது. அதாவது கருவி வலிமையை 25 என்று காட்டினால் உள்ளே 19-உம் இருக்கலாம், 31-உம் இருக்கலாம். இதைத்தான் நீங்கள் துல்லியம் என்கிறீர்கள்.

பழைய கட்டடத்தில் இன்னொரு வேடிக்கை. காற்றில் உள்ள கரியமில வாயு ஏறி ஏறி கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிப் போகும். சுத்தியல் அந்தத் தோலைத்தான் தட்டுகிறது. மோசமான நிலையில் உண்மையான வலிமையைவிட 50 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும் என்று அதே விதிநூலில் இருந்தது. அதனால்தான் காதுக்குக் கேட்காத ஒலி அலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசானிக் சோதனையையும் சேர்த்துச் செய்கிறோம். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் குறைந்தது மூன்று கோர், அதாவது உருளையான கான்கிரீட் துண்டு, வெட்டி எடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான விதிநூல் ஐ.எஸ். 456. கேட்டிருந்த வலிமையில் சராசரி 85 சதவீதமாவது வர வேண்டும், எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் செய்தியில் கோரும் இல்லை, அல்ட்ராசானிக்கும் இல்லை. தலைமையாசிரியரின் புன்னகை இருந்தது.

நிருபருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் போன வருஷம் எம்-சாண்ட் பற்றி நான் எழுதிய கடிதத்தில் சோதனை செய்பவரின் தகுதி பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிட்டு, முடிவில் "அரசு கவனிக்குமா?" என்று நீங்களே ஒரு வரி சேர்த்துப் போட்டீர்கள். நான் அரசைக் கேட்கவே இல்லை, உங்களைத்தான் கேட்டிருந்தேன்.

அன்றைய இதழிலேயே, பொருளைச் சேதமில்லாமல் சோதிக்கும் என்.டி.டி. படிப்புக்குக் கால் பக்க விளம்பரம்: "என்.டி.டி. லெவல் 2, குறுகிய காலப் பயிற்சி, சர்வதேசச் சான்றிதழ், வளைகுடாவில் வேலை." திருச்சியில் பாய்லர் தொழில் இருக்கிற வரை இந்தப் பயிற்சி மையங்களும் இருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. வெல்டிங்கைச் சோதிக்க அது நல்ல படிப்பு. ஆனால் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறையில் சான்று தருவது வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. வேலையை விட்டால் அந்தச் சான்றும் போச்சு. இதை எந்த விளம்பரமும் பையன்களுக்குச் சொல்வதில்லை.

அப்படி ஒரு தம்பி என் ஆய்வகத்துக்கு வேலை கேட்டு வந்தார். அல்ட்ராசானிக் லெவல் 2. கான்கிரீட் பீமைக் காட்டி அளக்கச் சொன்னேன். அலை அனுப்பும் ஒரே புரோபை வைத்துக்கொண்டு எதிரொலி வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பில் மெகாஹெர்ட்ஸில் வேலை செய்த பிள்ளை. கான்கிரீட்டில் ஜல்லி அந்த அலையைச் சிதறடித்துவிடும், 54 கிலோஹெர்ட்ஸ் மாதிரிதான் போக வேண்டும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்து அலை கடக்கும் நேரத்தை அளக்க வேண்டும். நடுவில் கம்பி ஓடினால் வேகம் கூடுதலாகக் காட்டும். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பாவம், அப்பா நகையை அடகு வைத்துப் படிக்க வைத்திருக்கிறார்.

அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் கான்கிரீட் வலிமையைச் சேதமில்லாமல் சோதிப்பவர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறது. இங்கே நான் பார்த்த டெண்டர்களில் கருவிக்குக் காலிபிரேஷன் சான்று கேட்கிறார்கள், ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் கேட்கிறார்கள். கருவியைப் பிடிக்கிற ஆள் என்ன தேறியிருக்கிறார் என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. சோதிக்கும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இவ்வளவு என்று யார் குறைத்துப் போடுகிறாரோ அவருக்கு வேலை. பூச்சைக் கொத்த வேண்டும் என்று நான் சொன்னால், "பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்தான் சார் ஆகுது" என்கிறார்கள். தொடங்குவதற்கு முன்னாலேயே "எம் 25 வந்துடும்ல?" என்று கான்கிரீட்டின் வலிமைத் தரத்தைக் கேட்ட கான்ட்ராக்டரும் உண்டு. வராது என்றேன், வேறு ஆளைக் கூப்பிட்டார், வந்துவிட்டது.

2014-ல் மௌலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் போனார்கள். அப்போதெல்லாம் உங்கள் தலையங்கம் கண்ணீர் விட்டது, நானும் வெட்டி வைத்திருக்கிறேன். அதே கை இப்போது பச்சைப் பெயின்ட் தூணுக்கு உறுதிச் சான்று கொடுக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டு வரி போதும்: சோதனை பூச்சின் மேல் நடந்தது, அதை வைத்துக் கட்டடத்தின் உறுதியைச் சொல்ல முடியாது. அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் சோதித்தவர் எங்கே என்ன தேர்வு எழுதினார் என்று நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் எம்-சாண்ட் புலம்பலை வெட்டிக்கொள்ளுங்கள், தயவுசெய்து 25 சதவீதத்தை வெட்டாதீர்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். அடுத்த மாதம் ஒரு டெண்டர் இருக்கிறது.

இப்படிக்கு,
கட்டுமானப் பொருள் ஆய்வகம் நடத்தும் வாசகர்,
திருச்சி